எழுவாய் எங்கே என்று கேட்ட வழக்கு

அன்புத் தங்கச்சி பாக்கியத்துக்கு,

நீ போய் ஆறு மாதம் ஆகப்போகிறது. பதுளைக் கோர்ட்டில் இன்றைக்கும் உன் பேச்சு வந்தது. புதுக் குமாஸ்தாவிடம் பியூன் சொல்லிக்கொண்டிருந்தான்: "நம்ம துபாசி ஐயாவோட தங்கச்சிங்க அது. வக்கீல் வாயையே அடைச்சிட்டாங்க." எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

வீட்டில் எத்தனை நாள் சண்டை! ஒரே சொல் இங்கிலீஷில் வாக்கியம் ஆகாது, எழுவாய் வேண்டும் என்பேன் நான். "கட்டளைன்னா ஒரு சொல் போதும் அண்ணே" என்பாய் நீ. சோறு ஆறிப்போகும். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

அப்புறம்தான் கருப்பையா வழக்கு வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் தோட்டத்தை விட்டு ஓடினான் என்று அவன்மேல் குற்றம். தோட்டத்துத் துரைதான் போகச் சொன்னார் என்றான் அவன். அதற்கு அவனிடம் இருந்தது துரை எழுதிக் கொடுத்த ஒரு துண்டுக் காகிதம். போ என்பதற்கு இங்கிலீஷில் 'கோ' என்று ஒரே சொல், கீழே கையெழுத்து. அவன் பெண்சாதி அதை நீ டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து காட்டினாள். படித்துச் சொன்ன நீயே சாட்சிக் கூண்டிலும் ஏறினாய்.

"ஒரு சொல் வாக்கியமே இல்லை, பிறகு எப்படி உத்தரவாகும்? இதில் எழுவாய் எங்கே?" என்றார் தோட்டத்து வக்கீல். என் வாதம் அப்படியே அவர் வாயில்!

நீ இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னாய்: "எழுவாய் துரைக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது, ஐயா. அதனால் எழுத வேண்டியிருக்கவில்லை. சொல்லுக்குப் பக்கத்தில் முற்றுப்புள்ளி வைத்திருப்பதும் துரைதான்."

நீதவான் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நீ சொன்னதைக் கருப்பையாவுக்குத் தமிழில் சொல்வது துபாசியான என் வேலை. நான் தோற்றதை நானே சொன்னேன், ஓர் எழுத்துக் குறையாமல். அவனுக்கு விடுதலை என்பதையும் நான்தான் சொன்னேன்.

அன்று வீட்டுக்கு நடக்கையில் நீ ஜெயித்ததைப் பற்றி மூச்சுவிடவில்லை. நானும் "நீ சொன்னதுதான் சரி" என்று சொல்லவில்லை. ஏன் சொல்லாமல் இருந்தேன், பாக்கியம்? காய்ச்சல் அவ்வளவு சீக்கிரம் உன்னைக் கொண்டுபோகும் என்று யார் கண்டது?

கருப்பையா குடும்பம் இப்போது எல்ல ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறது. போன ஞாயிறு அவன் வந்து உன் கல்லறையைச் சுற்றிப் புல் வெட்டிவிட்டுப் போனான். யாரும் அவனைச் செய்யச் சொல்லவில்லை.

உன் வகுப்புக்கு இன்னும் டீச்சர் வரவில்லை. சனிக்கிழமைகளில் நான் போய் இங்கிலீஷ் இலக்கணம் நடத்துவதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன். நான் சொல்வது தப்பென்று பிள்ளைகள் எழுந்து நின்றால் கோபப்படாமல் கேட்பேன். அவர்கள் பக்கம் சரியென்றால், அன்றைக்கே, அவர்கள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

உன்னிடம் தோற்றதில் பெருமைப்படும்
உன் அண்ணன்,
சாமுவேல்