பதினாலாம் நம்பர் மாட்டுக்குப் பொங்கல்

அன்புள்ள அப்பாவுக்கு,

பகலவன் வணக்கத்தோட எழுதறேன். முட்டிவலியைக் குத்தாலத்து டாக்டர்கிட்ட காட்டினீங்களா? அம்மா எப்படி இருக்காங்க? ஆஸ்திரேலியாவுல வெயில் கொளுத்தினாலும் நான் சுகம்தான். போன்ல பேசினா குரல் காட்டிக்கொடுத்துடும்னு எழுதறேன்.

இங்கே இருபது கறிமாடுகளை வச்சு ஆராய்ச்சி நடக்குது. மக்காச்சோளத்துக்குப் பதிலா திராட்சை பிழிஞ்ச சக்கையைப் போட்டா கறி மெத்துனு இருக்குமா, நிறம் மாறுமான்னு பாக்கணும். தீனியை எடைபோட்டு நிறுத்து வைக்கறது என் வேலை.

மாட்டுப் பொங்கலன்னிக்கு மனசு கேக்கலை. ரூம்ல பொங்கிக் கொண்டுபோய், பதினாலாம் நம்பர் மாட்டுக்கு ஒரு சட்டி ஊட்டிட்டேன். தினமும் என் சட்டையை நக்குற மாடு அது. நிறுக்காத தீனி தின்னதால அதை ஆராய்ச்சியில சேக்க முடியாதுன்னு புரொபசர் நீக்கிட்டார். என்னைத் திட்டலை, கவலைப்படாதீங்க.

நீக்கினா அது பிழைச்சுக்கும்னு நினைச்சேன். மறுநாளே, மத்த மாடுகளோட முறை வர்றதுக்கு முன்னாடியே, அதை வெட்ட அனுப்பிட்டாங்க. கறியைக்கூட யாரும் சோதிச்சுப் பாக்கலை. நாமளும் கறி திங்கறவங்கதான்ப்பா, அதுக்காக நான் அழலை. வண்டியில ஏற மாட்டேன்னு நின்னுச்சு. என்னைக் கூப்பிட்டாங்க. நான் கையை நீட்டினதும், பொங்கல்னு நினைச்சு என் பின்னாடியே வந்து ஏறிடுச்சு.

அம்மாவுக்கு இதைப் படிச்சுக் காட்டாதீங்க. யாராவது வந்தா ரெண்டு கைலி கொடுத்தனுப்புங்க. நம்ம வீட்டுச் செவலை மாட்டுக்கு வயசாயிடுச்சு, வித்துடலாமான்னு கேட்டீங்களே, நான் வர்ற வரைக்கும் இருக்கட்டும்ப்பா.

நேரமாச்சு. இன்னும் பத்தொன்பது மாடு நிக்குது, தீனி வைக்கணும்.

உங்கள்
பகலவன்