சாலையைக் கடந்து

வீடு, ஞாயிறு மதியம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அம்மாவும் அத்தானும் நானும் இருக்கிறோம். நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் இருக்கிறோம் என்றே எழுதுகிறேன். உன் இருமல் நின்றதா? உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் சிறை அலுவலக ஐயாவுக்கும் என் வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். வைத்துக்கொண்டிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டார்கள். வக்கீல் உள்ளே வரக்கூட இல்லை, வாசலில் நின்றபடியே சொன்னார். "மழை விட்ட நேரம்மா, ரோடு வழுக்கல். உங்க தம்பி ஓட்டின பஸ் வேகமா வந்திருக்கு. அந்தம்மா ரோட்டைத் தாண்டும்போது அடிபட்டு செத்திருக்காங்க. பிரேக் சரியில்லைன்னு நாம சொன்னதை யாரும் காதுல வாங்கலை. இனிமே போய் நிக்க வேற இடமில்லை" என்றார். மிச்சக் காலத்தையும் நீ அங்கேதான் கழிக்க வேண்டும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வாய் இழுத்துக்கொண்ட பிறகு அவளுக்குக் காதால் கேட்க முடிகிறது, வாயால்தான் ஒன்றும் கேட்க முடியவில்லை. அது ஒரு வகையில் எனக்கு வசதியாகப் போயிற்று. இப்படி எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.

சரி, அழுதது போதும். உன் கதைப் பகுதி தாமதமாக வந்ததற்குக் காரணம் தெரியுமா? ஐயா அதை நிறுத்தி வைத்திருந்தாராம். அக்காளும் தம்பியும் ஒவ்வொரு கடிதத்தையும் பாதி வாக்கியத்தில் முடிக்கிறார்களே, தப்பித்துப் போக ஏதாவது சங்கேதமோ என்று சந்தேகம். என்னைக் கூப்பிட்டு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நானும் உட்கார்ந்து எழுதினேன்: "நாங்கள் சின்ன வயதிலிருந்து இருவராக ஒரு கதை எழுதுகிறோம். ஒருவர் எச்சத்தில் நிறுத்த வேண்டும், மற்றவர் வினைமுற்றைப் போட்டுத் தொடர வேண்டும். முன்கூட்டியே கேட்கக் கூடாது. இதைத் தவிர எங்களிடம் வேறு சதி இல்லை." பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் எச்சம் என்றால் என்ன என்று கேட்டதற்கு, காக்கா போடுவது என்று சொல்லி நீ வெளியே முட்டி போட்ட கதையையும் சேர்த்து எழுதலாம் என்று கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

உன் பகுதி பிரமாதம். போலீஸ்காரர் நம் கதைநாயகியிடம் பெயர் என்ன என்று கேட்டதும் "குடைக்காரி வாயைத் திறந்து" என்று நிறுத்தினாய் பார், அதை வேலை இடத்தில் சாப்பாட்டு நேரத்தில் படித்துக் காட்டினேன். நூல் பிசிறு வெட்டும் மேஜையில் இருக்கிற அத்தனை பேரும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்கள். ஒருத்தி கத்தினாள் என்றாள், ஒருத்தி பொய் சொன்னாள் என்றாள். நான் போட்டது என்ன தெரியுமா? "கொட்டாவி விட்டாள்." இஸ்திரி போடுகிற அக்கா சிரித்த சிரிப்பில் புரையேற, சூப்பர்வைசர் வந்து எட்டிப் பார்த்தார். அன்றைக்கு முழுவதும் சட்டைகளில் நூல் வெட்டிக்கொண்டே நான் மனதுக்குள் அடுத்த வரியை உருட்டிக்கொண்டிருந்தேன். முதுகு வலித்ததே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, வீணாய்ப்போன அட்டைப்பெட்டியின் உள்பக்கத்தில் ஒரே மூச்சில் எழுதினேன். அதைப் படியெடுத்துக் கீழே தருகிறேன். உன் பாடு இனி.

"மழை விட்டதும் ஊரே குடையை மடக்கிவிட்டது என்று குடைக்காரிக்கு வானத்தின் மேல் கோபம். எதிர்ப்பக்கத்துக் கடையில் விளக்கு எரிந்தது. அங்கே கம்பி ஒடிந்த குடையோடு யாரோ நிற்பது தெரிந்தது. அவ்வளவுதான், குடை தைக்கிற ஊசி நூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இந்தப் பக்கமும் பார்க்காமல் அந்தப் பக்கமும் பார்க்காமல், அவள் சாலையைக் கடந்து"

உன் அன்பு அக்கா

*

வேலை இடம், சாப்பாட்டு நேரம்

தம்பிக்கு,

உன் தபால் அட்டை வந்தது. "இனி எழுத முடியாது. அனுப்பாதே அக்கா." இதற்கு ஒரு அட்டை, ஒரு தபால்தலை! என்ன திமிர் உனக்கு?

மேல்முறையீடு போனதில் எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? எழுத வரவில்லை என்று அலுத்துக்கொள்ள நாம் என்ன பெரிய எழுத்தாளர்களா? அவர்களுக்கு அது அழகு. நமக்குக் கிடைத்ததே இந்த ஒரு விளையாட்டு. இங்கே மேஜையில் எல்லோரும் என்னைப் பிடுங்கி எடுக்கிறார்கள், குடைக்காரி என்ன ஆனாள் என்று. அவளை நடுரோட்டில் விட்டுவிட்டு நீ பாட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டால் என்ன அர்த்தம்? எத்தனை நாள் அப்படியே நிற்பாள்? கேட்பது ஒரே ஒரு வார்த்தை. எழுதித் தொலை.

அக்கா

*

வீடு, அம்மாவின் கட்டிலருகே

என் கண்ணே, தம்பி,

போன கடிதத்தை உன் கைக்கு வருவதற்கு முன்பே யாராவது தொலைத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். தொலைக்காமல் கொடுத்திருந்தால், அதைக் கிழித்துப் போடு.

நடந்ததைச் சொல்கிறேன். நம் வழக்கப்படி, உன் வினைமுற்று வந்த பிறகுதான் நான் மேஜையில் படித்துக் காட்டுவேன். நீ அனுப்பாததால், அவர்களுடைய தொந்தரவு தாங்காமல் என் பகுதியை மட்டும் படித்தேன். சாலையைக் கடந்து என்று நிறுத்தினேன். எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். போனாள், வந்தாள், டீ குடித்தாள். இஸ்திரி அக்கா மட்டும் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள். "அடிப்பாவி, உன் தம்பி பஸ்ஸுல அடிபட்ட அந்தம்மாவும் மழை விட்டதுக்கப்புறம் இப்படித்தானே ரோட்டைத் தாண்டினா? இதையா அவனுக்கு அனுப்பிட்டு, மிச்சத்தை நீ எழுதுன்னு சொன்னே?" என்றாள்.

கையில் இருந்த அட்டையைக் கவிழ்த்து வைத்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், எழுதும்போது அந்த அம்மாள் என் நினைவிலேயே இல்லை. வக்கீல் சொன்னதை அதே தாளில் மேலே எழுதிவிட்டு, கீழே இதை எழுதியிருக்கிறேன், அப்போதும் உறைக்கவில்லை. குடைக்காரி மட்டும்தான் என் கண்ணில் இருந்தாள். அவள் கோபத்தோடு கிளம்புகிறாள், நான் பின்னாலேயே போகிறேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது எனக்குக் கூசுகிறது. துக்கத்தில் எழுதியிருந்தால் நான் பார்த்து எழுதியிருப்பேன்.

நாலைந்து நாள் முன்பு தச்சர் வந்திருந்தார், உன் அறையிலிருந்து விடுதலையானவர். நீ கொடுத்ததாக உன் கம்பளிப் போர்வையை மடித்துக் கையில் வைத்திருந்தார். எனக்குக் கொடுத்துவிடத்தான் வந்தாராம். "வேண்டாம்னு சொன்னாலும் கேக்கலைக்கா. கண்ணாடியைப் பக்கத்து அறைப் பெரியவருக்குக் குடுத்துட்டாரு. செருப்பை ஒருத்தருக்கு, பேனாவை இன்னொருத்தருக்கு. சாப்பாட்டையும் பாதிக்கு மேல தள்ளிவெச்சுடுறாரு. உங்க கடிதங்களை மட்டும்தான் யார் கையிலயும் குடுக்கலை" என்றார். குளிர் தொடங்கப்போகிற நேரத்தில் போர்வையைக் கொடுத்துவிட்டால் நீ எதைப் போர்த்துவாய்? கண்ணாடி இல்லாமல் எதைப் படிப்பாய்? வேறு எதையும் நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு வாய் வரவில்லை. இந்தப் பத்தியை மட்டும் அலுவலக ஐயா தயவுசெய்து இன்னொரு தடவை படிக்க வேண்டும். ஐயா, உங்களுக்கும் கூடப்பிறந்தவர்கள் இருப்பார்கள்.

தச்சர் போனதும் உனக்காக அந்த வாக்கியத்தை நானே முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கடந்து போனாள் என்று எழுதினேன். பச்சைப் பொய் மாதிரி இருந்தது. கடந்து வந்தாள், அதுவும் அப்படித்தான். இன்னொரு வார்த்தையை எழுதப் பார்த்தேன், முதல் எழுத்தோடு பேனாவை வைத்துவிட்டேன். அந்தப் பகுதியே வேண்டாம், கடைசியிலிருந்து அடித்துவிட்டு அவளை வீட்டிலேயே உட்கார வைக்கலாம் என்று பார்த்தால், அவள் உட்கார மாட்டேன் என்கிறாள். எச்சத்தில் நிறுத்தியவர் திரும்பத் தொடக்கூடாது என்று நாம்தானே வைத்தோம், அது பிடித்துக்கொண்டது.

அப்புறம் தனியாக வேறு கதை எழுதிப் பார்த்தேன். ஒரு பள்ளிக்கூடம், ஒரு வாத்தியார், ஒரு கல்யாணம். முதல் வரி எழுதும்போதே கடைசி வரி எனக்குத் தெரிந்துவிடுகிறது, உப்புச்சப்பே இல்லை. அத்தான் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு பொழைப்பா, ரெண்டு பேருக்கும் அந்தக் கதையால வந்த கஷ்டம் போதாதா?" என்றார். அவர் கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். அவருக்கும் போர்வை விஷயம் புரிந்திருக்கிறது. ஆனால் மறுநாள் வேலையிலிருந்து வரும்போது அவரே இரண்டு அட்டைப்பெட்டிகளைப் பிரித்து மடித்து எடுத்துக்கொண்டு வந்தார், எதற்கென்று சொல்லவில்லை.

அந்த அட்டையில்தான் மறுபடியும் பிடித்தேன். சாலையைத் தொடவில்லை. எதிர்க்கடையில் கம்பி ஒடிந்த குடையோடு நின்றாரே ஒருவர், அவரைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். அவர் யார், ஏன் அந்த ஓட்டைக் குடையைத் தூக்கி எறியவில்லை, கடைக்காரரோடு என்ன சண்டை. எழுத எழுத வந்துகொண்டே இருக்கிறது. நேற்று ஒரு இடத்தில் என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். உனக்கு இப்படி ஒரு வேதனையைக் கொடுத்துவிட்டு எனக்குச் சிரிப்பு வருகிறதே என்று உடனே அழுதேன். ஆனாலும் அடுத்த வரியை எழுதினேன். எழுதாத நாளில் சட்டையில் நூலை வெட்டுகிறேனா, துணியை வெட்டுகிறேனா என்றே தெரியவில்லையடா.

அம்மாவுக்கும் எல்லாம் படித்துக் காட்டினேன், மறைத்துப் பயன் இல்லை. சாலையைக் கடந்து என்றதும் அவள் வாயைத் திறந்தாள். ரொம்ப முயற்சி செய்தாள். "வ" என்று மட்டும் வந்தது. வந்தாள் என்கிறாள் என்று அத்தான் சொல்கிறார். வலிக்கிறது என்கிறாளோ என்று எனக்குத் தோன்றியது. உன்னை வா என்று கூப்பிட்டாளோ என்னவோ.

இனி நான் கேட்கப்போவதைக் கோபிக்காமல் கேள். குடைக்காரியைக் காப்பாற்று என்று நான் சொல்லவில்லை. அவளைக் காப்பாற்றினால் அந்த அம்மாள் எழுந்து வரப்போவதில்லை, அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் விழுந்தாள் என்றால் விழுந்தாள் என்றே எழுது. அதற்கு மேல் உன்னால் ஒரு எழுத்துக்கூட முடியாவிட்டாலும் பரவாயில்லை. எதிர்க்கடைக்காரர் ஓடி வருவார், அவரை நான் ஓட வைக்கிறேன், குடையோடு நிற்கிறவர் தூக்குவார், அதையெல்லாம் நான் எழுதுகிறேன். இந்த மாதம் முடியாவிட்டால் அடுத்த வருஷம் எழுது. உனக்கு அங்கே இருக்க வேண்டிய காலம் முழுக்க ஒரு வார்த்தைக்காக நான் காத்திருப்பேன். ஆனால் வார்த்தை உன்னிடமிருந்துதான் வர வேண்டும், வேறு ஆள் போட்டால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

போர்வையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பழைய கண்ணாடி ஒன்று இங்கே இருந்தது, அதையும் அதற்குள் சுருட்டி வைத்திருக்கிறேன். பேனாவும் இருக்கிறது. இவற்றை யாருக்கும் கொடுக்காதே, என் மேல் ஆணை. வேளைக்குச் சாப்பிடு. நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் என் தம்பி நீ. உன் ஆயுசு கெட்டியாக இருக்க வேண்டும், அம்மாவும் அதைத்தான் சொல்ல வாய் திறந்திருப்பாள்.

உன் கடிதம் வரும். எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் வாசலுக்கு ஓடிப்போய், அதைக் கையில் வாங்கி, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, உறையைப் பிரித்து

உன் அக்கா