கிழவியின் தேதி

பிப்ரவரி 12

கிழவி இன்று எழுந்திருக்கவில்லை.

தண்ணீரின் வழியே ஒளியைச் செலுத்தி, அதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் கருவி. நான் மாணவியாக வந்த காலத்திலேயே அதற்கு அந்தப் பெயர்தான். கருவிக்கு ஒன்றுமில்லை, அதை ஓட்டும் கணினியின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. துறைத் தலைவர் எட்டிப் பார்த்து, "விட்டுத் தள்ளுங்க மேடம். வெள்ளிக்கிழமை பழைய சாமான் எடுக்க ஆள் வருது, சேர்த்து அனுப்பிடலாம்" என்றார்.

என் ஆராய்ச்சி மாணவி குப்பிப் பெட்டியோடு வந்து நின்றாள். அவளுடைய கிணற்றுத் தண்ணீர்க் குப்பிகளில் பாதியைத்தான் கிழவி அளந்திருக்கிறாள். மீதியை வேறு கருவியில் அளந்தால் ஒப்பிட முடியாது. முதலிலிருந்து தொடங்கலாம் என்றால் அதற்குள் உதவித்தொகை நின்றுவிடும்.

வெள்ளி வரை பொறுங்கள் என்றேன். எதை நம்பிச் சொன்னேன்?

பிப்ரவரி 13

கிழவியின் கணினிக்கான பழைய இயங்குதளம் டாஸ்; ஹார்ட் டிஸ்க் இல்லாமல் பென்டிரைவிலிருந்தே அதை எழுப்பலாமாம். கணினி மையத்தில் செய்தும் கொடுத்தார்கள். செருகினால் கறுப்புத் திரையில் ஒரு கோடு கண்சிமிட்டுகிறது, அவ்வளவுதான். பென்டிரைவ் மிகப் பெரிதாம். அவ்வளவு இடம் உலகில் உண்டென்றே இந்தக் கணினிக்குத் தெரியாது.

பிப்ரவரி 14

எப்போதோ ஒரு கருத்தரங்கில் கொடுத்த குட்டி பென்டிரைவ் இழுப்பறையில் கிடைத்தது. அதைப் பழைய முறையில் ஃபார்மட் செய்து, நானே டாஸை ஏற்றினேன். எழுந்துவிட்டது! தேதி கேட்டது, கொடுத்தேன். கறுப்பில் வெள்ளையாய் ஒற்றை எழுத்து, பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அடுத்து என்ன தட்டுவது என்று நான் யோசிப்பதற்குள் விரல்கள் தட்டிவிட்டன. அவற்றுக்கு மட்டும் வயதாகவில்லை.

அந்தக் காலத்தில் இதே அறையில் இரண்டு முக்காலிகள். நானும், என்னோடு படித்த வாத்தும். நடையால் வந்த பெயர் அது. கிழவிக்கு நிரல் எழுதியவள் அவள்தான். குளிர்காலத்தில் கணினித் திரையின் பின்பக்கத்தில் கைகளை வைத்துச் சூடேற்றிக்கொள்வோம்.

மாலை: அவளுடைய நிரலைப் பழைய சிடியிலிருந்து ஏற்றினேன். திறக்கிறது, உடனே மூடிக்கொள்கிறது. எத்தனை முறை செய்தாலும் அதே. சே, இதுக்கா இவ்வளவு பாடு?

பிப்ரவரி 15

வாத்துக்குப் போன் செய்தேன். அவள் இங்கிருந்து போன பிறகு, பிறந்தநாள் வாழ்த்தோடு சரி. மணி அடிக்கும்போதே வைத்துவிடலாமா என்றிருந்தது.

"யாரு, உம்மணாமூஞ்சியா?" என்றாள் எடுத்தவுடன். கிழவிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையா என்று விசாரித்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"தேதி என்னன்னு குடுத்த?"

"இன்னிக்குத் தேதிதான்."

"அதான்டி. தொண்ணூத்தொம்பதுக்கு மேல ஒரு வருஷம் வரும்னு நான் யோசிக்கவே இல்ல."

வருடத்துக்கு இரண்டு இலக்கம் மட்டும் வைத்து எழுதினாளாம். புது நூற்றாண்டு வந்ததும் நிரல் குழம்பிவிட்டது. அதனால், கணினி எழும்போதெல்லாம் பழைய தேதிக்குப் போகும்படி ஒரு வரியைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்த வரி ஹார்ட் டிஸ்கோடு போய்விட்டது.

கிழவி தரும் ஒவ்வொரு தாளிலும் மேலே 14-10-98 என்றிருக்கும். பேட்டரிக் கோளாறு என்று நினைத்து, அதை அடித்துவிட்டு அன்றைய தேதியைப் பேனாவால் எழுதுவோம். புது மாணவர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பதே அதுதான். எதையும் சந்தேகப்படுகிறவள், இதை மட்டும் எப்படி விட்டேன்?

ஏன் அந்தத் தேதி என்று கேட்டேன்.

"கிழவி மொதமொதல்ல ஒழுங்கா அளந்த நாள். நீ சிரிச்சியே, ஞாபகம் இல்ல? அதுக்கு முன்னாடி நீ சிரிச்சு நான் பார்த்ததே இல்லடி."

இருக்கிறது என்றேன். இல்லை. போனை வைத்த பிறகுதான் வந்தது. சந்தோஷத்தில் அவள் துள்ளியதில் முக்காலி சாய்ந்து, தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குத்தான் சிரித்தேன். கிழவிக்காக அல்ல.

பிப்ரவரி 16

பென்டிரைவில் அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். கிழவி எழுந்தாள். பழைய சாமான்காரர் உடைந்த நாற்காலிகளோடு திரும்பிப் போனார்.

மார்ச் 22

மாணவியின் கடைசிக் குப்பி. தாள் வந்ததும் வழக்கம்போல் தேதியை அடிக்கப் பேனாவைத் திறந்தாள்.

"அடிக்காதம்மா. பக்கத்துல எழுது."

"ஏன் மேடம்?"

நான் வாயைத் திறப்பதற்குள், அடுத்த முக்காலியிலிருந்து, காலை ரயிலில் வந்து இறங்கியிருந்த வாத்து சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.