பதினைந்தாம் குழியில் ஒரு நாலு

மச்சான்,

இன்று காலை எல்கடுவையில் பஸ்ஸுக்கு நின்றபோது எதிர்வீட்டு முற்றத்தில் படங்கு விரித்துக் கராம்பு காயப் போட்டிருந்தார்கள். வெயில் ஏற ஏற அந்த வாசனை ரோட்டுக்கு வந்தது. பஸ் வந்து நின்று போயும்விட்டது, நான் ஏறவில்லை. ஆட்டம் தொடங்குமுன் ஒரு கராம்பை எடுத்துக் கடைவாயில் அடக்கிக்கொள்வாயே, அதுதான் ஞாபகம். பல்வலியா என்று கேட்டால் "பயத்துக்கு" என்பாய். நீ போய் நாலு மாதம் ஆகிறது. இருந்தபோது எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது.

நாம் இருவரும் மலையகத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து கோல்ப் மைதானத்துக்குப் பை தூக்கப் போனவர்கள். மற்றவர் பையைத் தூக்கித் தூக்கியே ஆட்டத்தைப் படித்தோம். பிறகு தொழில்முறை ஆட்டக்காரர் என்ற பெயரும் கிடைத்தது. பெயர்தான் பெரியது. இந்தியாவில் பெரிய போட்டித் தொடருக்கு ஒரு படி கீழே இன்னொரு தொடர் நடக்கும்; ஊர் ஊராகப் போய் ஆட வேண்டும். அதில் ஒரே ஒரு சீசன் சேர்ந்து ஆடினோம்.

ரயிலில் கோல்ப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கியதும், ஒரே வாடகை அறையில் உன் குறட்டையைக் கேட்டுக்கொண்டு கிடந்ததும்தான் அந்த சீசன். முதல் இரண்டு நாளில் பின்தங்கியவர்கள் வெளியேறிவிட வேண்டும். வெளியேறியவன் மற்றவனுக்குப் பை தூக்க வேண்டும் என்பது நமக்குள் இருந்த ஒப்பந்தம். பெரும்பாலும் நான்தான் தூக்கினேன். "இன்னைக்கும் நான்தான் தொர" என்று சிரிப்பாய். சிரிப்பு வராது எனக்கு. ஆனால் குழிக்கு இத்தனை கஜத் தூரம் என்று நான் சொன்னால் நீ மறுபடி அளந்து பார்த்ததே இல்லை. "நீ சொன்னா சரி" என்று மட்டையை உருவுவாய்.

கடைசிப் போட்டிக்கு வந்தபோது வருடாந்தப் பட்டியலில் நீ கோட்டுக்குச் சற்று மேலே இருந்தாய், நான் சற்றுக் கீழே. கோட்டுக்கு மேலே இருப்பவனுக்கு அடுத்த வருடமும் இடம் உண்டு. கீழே இருப்பவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இறுதி நாளில் இருவரையும் ஒரே குழுவில் போட்டார்கள். உன் அட்டையில் அடிகளின் எண்ணிக்கையை நான் எழுத வேண்டும், என் அட்டையில் நீ; அடி குறையக் குறைய நல்லது.

பதினைந்தாம் குழியில் என் பந்து தண்ணீருக்குள் போனது. நீ புதருக்குள் இருந்து மீண்டு ஐந்து அடியில் முடித்தாய். நான் என் ஆத்திரத்தில் உன் அட்டையில் நாலு என்று எழுதிவிட்டேன். அது கைப்பிழை. சத்தியமாகக் கைப்பிழை.

ஆட்டம் முடிந்து கூடாரத்துக்குள் அட்டைகளை மாற்றிக்கொண்டோம். என் அட்டையில் நீ எழுதியதைக் குழி குழியாக எனக்கு வாசித்துக் காட்டினாய். உன் அட்டையைப் பார்க்கச் சொன்னேன். "நீதானே எழுதின" என்று பார்க்காமலே கையெழுத்து வைத்தாய். எழுதியவனாக நானும் வைக்க வேண்டும். பேனாவை வைத்தபோதுதான் அந்த நாலைப் பார்த்தேன். அடித்ததைவிடக் குறைவான எண்ணிக்கையில் கையெழுத்து வைத்துக் கொடுத்தால் ஆளையே போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாததா? உனக்கு ஒரு அடி லாபம், போகட்டும் என்று நினைத்ததாகப் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நீ விழுந்தால் நான் ஏறுவேன் என்று என் மனம் அந்த நேரத்தில் கணக்குப் போட்டது. கையெழுத்து வைத்தேன்.

கன்டீனில் சோற்றைப் பிசைந்தபடி, வழக்கம்போல ஒவ்வொரு குழியாக எண்ணிக்கொண்டு வந்தாய். பிசைந்த கை நின்றது.

"மச்சான், எனக்கு எழுபத்திரெண்டு வரணும். போர்டுல எழுபத்தொண்ணு போட்டிருக்காங்க. பதினஞ்சுல எத்தன எழுதின?"

"நாலுன்னு நெனக்கிறேன். விடு, யாருக்குத் தெரியப்போகுது."

"எனக்குத் தெரியுமே. கையெழுத்து வைக்கிறப்ப நீ பாக்கலையா?"

"இல்ல மச்சான்."

நீ எழுந்து கையைக் கழுவிவிட்டு, நடுவர்களிடம் சொல்லப் போனாய். திரும்பி வந்தபோது உன் பெயர் போட்டியில் இல்லை. பட்டியலில் நீ கோட்டுக்குக் கீழே இறங்க, நான் ஒரு இடம் மேலே ஏறினேன். "ஒம்மேல பிழையில்ல. கையெழுத்து என்னோடது" என்று என் தோளைத் தட்டினாய். அழுதது நான்தான், வெட்கம் கெட்டவன்.

அடுத்த வருடம் உன் இடத்தில் போய் ஆடினேன். ஒரு போட்டியிலும் மூன்றாம் நாளைப் பார்க்கவில்லை. நீ மட்டைகளை விற்றுவிட்டு, சிங்களப் பெண்ணைக் கல்யாணம் கட்டி வில்கமுவவில் வயல் செய்யப் போனாய். அங்கே சிறுநீரகம் கெட்டது.

உன்னைப் பார்க்க வந்த அன்று எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். பஸ் இல்லாமல் கடைசித் தூரத்தை ஒரு டிராக்டரில் ஏறி வந்தேன். முகம் ஊதிக் கிடந்த நீ என்னைக் கண்டதும், "இன்னும் அந்த அட்டையவா நெனச்சிக்கிட்டு இருக்க? கை தவறுறது யாருக்கும் நடக்கும்டா" என்றாய். தலையைக் குனிந்தேன். நீ அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டாய். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

இப்போது பழைய மைதானத்தில் போட்டி நடக்கும்போது அட்டை வாங்கும் மேசையில் என்னைத்தான் உட்கார வைக்கிறார்கள். ஒவ்வொருவரையும் இரண்டு தடவை சத்தமாக வாசிக்கச் சொல்கிறேன். கண்டிப்பான ஆள் என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

நீ இறந்த ஏழாம் நாள் தானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தேன். மூலையில் நின்றுவிட்டுப் போக நினைத்தேன். உன் மனைவி தேடி வந்து, நீ பழக்கிய தோட்டத்துத் தமிழில் சொன்னார்: "அண்ணே, சாப்பிடாமப் போகாதீங்க. அவரு கடைசியாச் சொன்னது அதுதான். அவன் பாவம், ஒரு பிழைய நெனச்சே மெலிஞ்சிட்டான், வந்தா வயிறு நெறையப் போட்டு அனுப்புன்னு சொன்னாரு."

பாயில் உட்கார்ந்தேன். அவர் பக்கத்திலேயே நின்று பரிமாறினார். நான் போதும் என்று சொல்லவில்லை மச்சான். போடப் போடச் சாப்பிட்டேன்.