தொட்டிப் பக்கத்து விளிம்பு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், அம்மாவுக்கு மட்டும் படி ஏறும்போது முழங்கால் மக்கர் பண்ணுகிறது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும், எங்களுக்கு அதுதான் நினைப்பு. உன் சமையலறை மேடையில் இரண்டு பலகை சேரும் இடம் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் கறுத்து உப்பிக் கைக்குத் தட்டுகிறது, என்ன செய்யலாம் என்று படம் எடுத்து அனுப்பியிருந்தாய். மூன்று வாரமாகப் பதிலே இல்லை, அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாயாம். வயதானது உண்மைதான், ஆனால் மறக்கவில்லை. உன் படம் வந்த அதே வாரத்தில் இங்கே ஒன்று நடந்தது. அதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் நான் எப்படியாவது பேச்சை மாற்றிவிடுவேன் என்று எனக்கே தெரியும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் உன் மேடையைச் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கிற பசையை வாங்கி மேலே அப்பிவிடாதே, உள்ளே ஈரம் இருக்கும்போது மேலே மூடினால் பலகை இன்னும் ஊறும். மேலே பளபளப்பாகத் தெரிவது மெல்லிய மைக்காதான், அதைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. உள்ளே இருப்பது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, அது தண்ணீரைக் குடித்தால் உப்பிவிடும், உப்பியது திரும்ப வற்றாது. அதனால் ஆளைக் கூப்பிட்டு அந்தத் துண்டையே மாற்றச் சொல். வருகிறவர் இரண்டு விளிம்பையும் நேர்ச்சட்டம் வைத்து மெஷினில் வெட்டுகிறாரா, பசை போடுவதற்கு முன் வெறுமனே சேர்த்து வைத்துப் பார்க்கிறாரா என்று கவனி. எல்லாவற்றையும் விட முக்கியம், வெட்டிய விளிம்பில் தண்ணீர் புகாத பசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இடைவெளி விடாமல் பூசுகிறாரா என்று பக்கத்திலேயே நின்று பார். இரண்டு விளிம்பிலும் பூச வேண்டும். பிறகு கீழே இரண்டு பலகையையும் சேர்த்துப் பிடிக்கிற போல்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்கி, மேலே பிதுங்குகிற பசையைக் காய்வதற்குள் துடைத்துவிட வேண்டும். முடிந்ததும் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார், எங்கேயும் தட்டக் கூடாது. ஆனால் நகம் தட்டாததை வைத்து நல்ல வேலை என்று சொல்லிவிட முடியாது பாப்பா, உள்ளே பூசினார்களா இல்லையா என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

உனக்கு வகுத்தல் சொல்லிக்கொடுத்த கணக்கு டீச்சரை நினைவிருக்கும். அவர் வீட்டு மேடை நானும் உன் சித்தப்பாவும் சேர்ந்து செய்தது. தொட்டி இருக்கிற பலகை என்னுடையது, அடுப்பு இருக்கிற பலகை அவனுடையது. எங்கள் பட்டறையில் எப்போதும் அப்படித்தான், அவரவர் பலகையை அவரவரே வெட்டி விளிம்பு பூசி, கடைசியில் இருவரும் சேர்ந்து மூட்டுவோம். ஆறு மாதத்தில் அந்த இணைப்பு உப்பிவிட்டது. டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வீட்டார் அத்தனை பேரும் நிற்க, பக்கத்து வீட்டுக்காரரும் எட்டிப் பார்க்க, நான் குனிந்துகூடப் பார்க்காமல் உன் சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டேன். காதில் ரேடியோவைச் செருகிக்கொண்டு வேலை பார்த்தால் இப்படித்தான், விளிம்பு பூசாமல் விட்டிருக்கிறான், என் பேரைக் கெடுக்கவே வந்து சேர்ந்தான் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவன் குனிந்து அடியில் பார்த்தான். நிமிர்ந்தான். மறுநாள் தனியாகப் போய் உப்பிய இடத்தை இழைத்து, மேலே ஒரு எவர்சில்வர் பட்டையை வைத்துத் திருகிவிட்டு வந்தான். வந்தவனிடம் இனிமேல் பட்டறைப் பக்கம் வராதே என்றேன். அவனுடைய அரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். அதன் பிறகு அவன் படத்துக்கும் கண்ணாடிக்கும் சட்டம் போடுகிற கடை வைத்ததும், நீ காலேஜில் படிக்கும்போது அவனைப் போய்ப் பார்த்தாய் என்று நான் உன்னோடு ஒரு மாதம் பேசாமல் இருந்ததும், உன் கல்யாணத்துக்கு அவனைக் கூப்பிட விடாமல் அவன் செய்து அனுப்பிய கண்ணாடியையும் உன் கையாலேயே திருப்பி அனுப்ப வைத்ததும் உனக்குத் தெரிந்ததுதான்.

இப்போது டீச்சர் மேடையை மாற்ற வேண்டும் என்று என்னையே கூப்பிட்டார். பட்டையைக் கழற்றி, போல்டைத் தளர்த்தி இரண்டு பலகையையும் பிரித்தேன். அடுப்புப் பக்கத்து விளிம்பில் பசை கோடிக்குக் கோடி காய்ந்து மஞ்சளாக இருந்தது, அடிமூலையில்கூட விடவில்லை. தொட்டிப் பக்கத்து விளிம்பில் ஆரம்பத்தில் ஒரு சாண் தூரம் பூசியிருந்தது. பிறகு பிரஷை எடுத்த தடம். அதற்கு மேல் ஒன்றுமே இல்லை, வெறும் பலகை, கையால் தொட்டால் உதிர்ந்தது. நான் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அந்த ஒரு சாணைப் பார்த்ததும் அன்றைக்குப் பகல் முழுவதும் ஞாபகம் வந்தது. சித்தப்பா டீச்சர் வீட்டில் அலமாரி மாட்டிக்கொண்டிருந்தான், நான் பட்டறையில் விளிம்பு பூசிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து, நீ மாடிப்படியில் விழுந்துவிட்டாய், கை ஒடிந்துவிட்டது என்றான். பிரஷை டப்பாவிலேயே போட்டுவிட்டு ஓடினேன். உனக்கு மாவுக்கட்டுப் போட்டு வீட்டில் விட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்பி வந்தவன், பலகையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கொண்டுபோய் மூட்டிவிட்டேன். இதற்கு நீ காரணம் என்று ஒரு நொடிகூட நினைக்காதே. ஓடியது சரிதான், இன்றைக்கும் அப்படித்தான் ஓடுவேன். திரும்பி வந்து பார்க்காமல் விட்டதும், பார்க்காமலே தம்பி தலையில் கட்டியதும் நான்.

அம்மாவிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, இதை என்கிட்ட சொல்லி என்ன பண்றது என்று எழுந்து போய் என் செருப்பை வாசலில் வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்தாள். போனேன். அவன் தெருமுனை வரை போய் இரண்டு தடவை திரும்பினேன், தேவையே இல்லாமல் ஒரு கடையில் ஆணி வாங்கினேன். அவன் கடையில் முதலில் கண்ணில் பட்டது நீ திருப்பி அனுப்பிய கண்ணாடிதான், விற்காமல் சுவரில் மாட்டி வைத்திருக்கிறான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சட்டத்தின் மூலையைத் தேய்த்துக்கொண்டே கேட்டான். பிறகு, தெரியும் அண்ணா, அன்னைக்குக் குனிஞ்சப்பவே பார்த்தேன், உப்பினது உன் பக்கந்தான் என்றான். ஏண்டா சொல்லவில்லை என்றேன். பாப்பா கை ஒடிஞ்ச அன்னைக்கு விட்டுப்போனது, அதை அத்தனை பேர் முன்னாடி சொல்லி நான் ஜெயிக்கணுமா என்றான். உன் அப்பா பாப்பா, அறுபத்திரண்டு வயதில், வெட்டுத் தூளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. பத்தொன்பது வருடத்துக்கு அந்த வார்த்தை போதுமா, எனக்கும் அதை எதிர்பார்க்க யோக்கியதை இல்லை. எழுந்து வரும்போது அவன் ஒன்று கேட்டான், அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலையில் டீச்சர் வீட்டுக்குப் புதுப் பலகையோடு போனேன். அவனை நான் கூப்பிடவில்லை, கூப்பிட வாய் வரவில்லை. அவனாகவே வந்து வாசலில் நின்றான், கையில் அந்தப் பழைய அரம். தொட்டிப் பக்கம் நான் எடுத்துக்கறேன் என்றான். என் விளிம்பை அவனும் அவன் விளிம்பை நானும் விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் மூட்டினோம். வேலையைத் தவிர வேறு பேச்சு இல்லை. வீட்டுக்குச் சாப்பிட வா என்றேன், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று போய்விட்டான். அம்மா தினமும் மூன்று பேருக்குச் சமைக்கிறாள், மிச்சத்தை நான்தான் மறுநாள் தின்கிறேன்.

அவன் விஷயத்தில் நான் உன்னைத் திட்டியது, அழ வைத்தது எல்லாம் தப்பு. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் இருவருடைய ஆசீர்வாதம், வீட்டில் சிரிப்பும் உடம்பில் தெம்பும் குறையாமல் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். மேடை வேலை நடக்கிற அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் நில், மறந்துவிடாதே. நான் கடையை விட்டு இறங்கும்போது உன் சித்தப்பா கேட்டது இதுதான்: பாப்பாவுக்கு அந்த ஊர்க் குளிர்ல கை வலிக்குதா அண்ணா. தெரியாது என்றேன். இத்தனை வருடத்தில் நான் உன்னை ஒரு தடவைகூட அதைக் கேட்டதில்லை. அவன் நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், பதிலை அவனிடமே சொல்.

எப்போதும் உன் நினைப்பாக இருக்கும்
அப்பா