முதலாளி கேட்ட பெயர்

பினாங்கு, 12 ஜூலை 1934

அன்புள்ள அப்பாவுக்கு மகள் அருளம்மாள் வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் இருமல் தணிந்ததா?

இங்கே அச்சுக்கூடத்தில் மை வாசனை வந்தாலே, நான் பத்திரிகை வாசிக்க, நீங்கள் வலை முடிந்தபடி "இன்னொருக்கா வாசி" என்ற சாயங்காலங்கள் நினைவுக்கு வருகின்றன.

கங்காணி அடிப்பதாக ரப்பர் தோட்டத்துப் பெண்ணொருத்தி சொன்னதை, அவள் பெயரில்லாமல் எங்கள் பத்திரிகையில் எழுதினேன். தோட்டத்துத் துரை ஆளனுப்பிப் பெயர் கேட்டார்.

"சொல்லிரும்மா, தோட்டத்து விளம்பரம் நின்னுடும்லா," என்றார் முதலாளி.

"மறந்துபோச்சு, முதலாளி."

"பி.ஏ. படிச்ச பிள்ளைக்கு ஒரு பேரு ஞாபகமில்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெயர் தெரிந்தால் அவளைக் கூலிகள் குடியிருக்கும் லயத்தைவிட்டே விரட்டிவிடுவார்கள், அப்பா.

பங்குச் சாமியாரிடம் எனக்கொரு நன்னடத்தைச் சான்று வாங்கி அனுப்புங்கள். இங்கே கன்னியர் பள்ளியில் ஆசிரியை வேலை காலியாம். சும்மா கைவசம் இருக்கட்டும் என்றுதான். கப்பல் தபாலைக் கட்டுகிறார்கள், நிறுத்துகிறேன்.

அருளம்மாள்