காயப்போட்ட வீடு

மார்ச் 4, செவ்வாய்
என் லாண்டரிக்குப் பின்னாலுள்ள மலைச்சரிவில் நகராட்சி பலகை நட்டிருக்கிறது. ஒரு கம்பெனி அதை மனைகளாகப் பிரித்து மாடிவீடு கட்டப் போகிறதாம். ஆட்சேபணை இருப்பவர்கள் கூட்டத்தில் சொல்லலாமாம். எனக்கு இல்லாமலா? லாட்ஜ்களின் படுக்கை விரிப்பெல்லாம் அங்கேதான் காய்கிறது. முந்தைய நிலக்காரர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அந்த வெயிலும் காற்றும் போனால் லாண்டரியை மூட வேண்டியதுதான்.

மார்ச் 5
மகள் விசாரித்துவிட்டு வந்தாள். படிப்பது கணக்கு, வீட்டில் அவளுக்குப் பெயர் வக்கீலம்மா.
"அப்பா, துணி காயாதுன்னு சொன்னா சிரிப்பாங்க. கீழ்த்தெருவுல நின்னு பார்த்தா மலை முகடு மறையக்கூடாதுன்னு விதி இருக்கு. அதைப் புடிங்க."
சரி, யார் போய்ப் பேசுவது என்றேன். தாயும் மகளும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

மார்ச் 12, புதன்
கூட்டம். வீட்டுக் கண்ணாடி முன்னால் சிங்கம், மைக் முன்னால் எலி. எழுதிப் போனதெல்லாம் ஆவியாகிவிட்டது. கடைசியில், "மலை... நல்ல மலைங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கம்பெனி மேனேஜர்கூடக் கை தட்டினார், பாவம் பார்த்து.

முகட்டை ஒரு கூரையும் மறைக்காது என்று அவர் சத்தியம் செய்தார். நகராட்சித் தலைவியம்மா, "வாயால சொன்னா ஆச்சா? கூரை வர்ற உயரத்துக்குக் கம்பம் நடுங்க. நாங்க கீழ நின்னு பார்த்து முடிவு பண்றோம்" என்றார். மலைமேல் கட்டுவதென்றால் இங்கே அப்படித்தான் பார்ப்பார்களாம்.

ராத்திரி சாப்பாடு போட்டபடியே மனைவி, "நல்ல மலைங்க, இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்றாள். இனி ஆயுசுக்கும் இதுதான்.

மார்ச் 17
கம்பம் நட்டாச்சு. உச்சியில் ஆரஞ்சு நாடா. அதை ஏற்றி இறக்கக் கப்பியும் கயிறும். கீழேயிருந்து பார்த்தால் மலையில் ஊசி குத்தினாற்போல் இருக்கிறது. இதைப் பார்த்து எவருக்கு என்ன புரியும்? போச்சு. போதாக்குறைக்கு என் கொடிக்கம்பங்களைப் பிடுங்கி ஓரமாய்ப் போட்டுவிட்டார்கள்.

மார்ச் 18
மழை.

மார்ச் 19
மழை. லாட்ஜ்காரர் இரண்டு தடவை போன். வீடு முழுக்க ஈர விரிப்பு.

மார்ச் 20, வியாழன்
ஐயையோ, என்ன காரியம் பண்ணிவிட்டேன்!

விடிந்ததும் பளீரென்று வெயில். கொடிக்கம்பம்தான் இல்லை — கம்பெனிக் கம்பம் வரிசையாக நிற்கிறதே, கப்பியோடு! மேலே காற்று அதிகம், சீக்கிரம் காயும். ஒவ்வொரு கம்பத்தின் கயிற்றிலும் விரிப்புகளை ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோத்துச் சரசரவென்று உச்சிக்கு ஏற்றினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். மகள் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.
"அப்பா! இன்னிக்குத்தான் அவங்க பார்க்க வர்ற நாள்!"

கீழ்த்தெருவில் கமிட்டி முழுசும் அண்ணாந்து நின்றது. நானும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். மலையைக் காணோம்! முகடு இருந்த இடத்தில் வெள்ளைச் சுவர்.

"வீடு இவ்வளவு பெருசா வருமா?" என்றார் தலைவியம்மா.
மேனேஜர், "அது வீடில்லீங்க, துணி."
"கம்பம் உங்க கம்பந்தானே? உயரம் நீங்க சொன்ன உயரந்தானே?"
அவர் கர்ச்சீப்பைத் தேடினார்.
நான் கும்பிட்டேன். "மன்னிச்சுக்குங்கம்மா, ஈரம்... இப்பவே இறக்கிடறேன்."
"தொட்டுடாதீங்க! போட்டோ எடுக்கணும்."

ஏப்ரல் 9
முடிவு வந்துவிட்டது. மேல்சரிவில் ஒரு செங்கல்கூடக் கூடாது. அதைக் கம்பெனி ஊருக்குப் பொதுவாக விட்டுவிட வேண்டும். சாலையோரம் மட்டும் தாழ்ந்த வீடுகள். துணி காயப்போடலாமா என்று மகள் தனியே கேட்டு வந்துவிட்டாள். தாராளமாய்ப் போடலாமாம்! நான் கத்திய கத்தலில் அடுத்த வீட்டுக்காரர் ஏதோ கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று வாழ்த்த வந்துவிட்டார்.
மனைவி: "வாயத் தொறக்காம ஜெயிச்ச ஆளு நீங்க ஒருத்தர்தான்."
"தொறந்தேனே."
"ஆமா ஆமா, நல்ல மலை!"

மே 2
வாசலில் கம்பெனி மேனேஜர். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று இஸ்திரி மேசைக்குப் பின்னால் பதுங்கினேன். மனுஷன் தலையைச் சொறிகிறார்.
"அண்ணே, புது அளவுக்குக் கம்பம் நட்டிருக்கோம். இனிமே துணி கட்டிக் காட்டணும்னு நகராட்சி உத்தரவு. உங்ககிட்ட விரிப்பு கிடைக்குமா?"

பிப்ரவரி 11
சாலையோர முதல் வீட்டுக்குக் குடி வந்த அம்மா ஜன்னல் திரைகளைச் சலவைக்குக் கொண்டுவந்தார். "எதுக்குத் திரை போட்டோம்னே தெரியலைங்க. ஜன்னலைத் திறந்தா மலை முழுசாத் தெரியுது."
"நல்ல மலைங்க" என்றேன். உள்ளே மனைவி சிரிக்கிற சத்தம்.
திரைகள் மேலே காய்கின்றன.